ஏழாம் வாசலில் ஒரு காது

யாரைப் பார்த்தாலும் அவள் முதலில் காதைத்தான் பார்ப்பாள். வலது காது, அப்புறம் இடது காது, அதற்கும் அப்புறம்தான் கண்ணும் மூக்கும் சிரிப்பும். பேருந்தில் உட்கார்ந்தால் முன்னிருக்கைக்காரரின் மடல் எந்த இடத்தில் மடங்குகிறது, நுனி கன்னத்தோடு ஒட்டியிருக்கிறதா, விலகித் தொங்குகிறதா என்று பார்த்தபடியே இறங்குமிடம் வந்துவிடும். பார்க்கும்போது அவளுடைய கட்டைவிரல் ஆள்காட்டிவிரலின் நுனியை மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருக்கும், அந்தக் காதைத் தொட்டுப் பார்ப்பதுபோல. ஒருமுறை சாவு வீட்டில், கிடத்தியிருந்தவரின் தலைமாட்டில் நின்று அவர் காதையே அவள் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் இடுப்பில் இடித்து இந்தப் பக்கம் இழுத்துவிட்டாள்.

தொழில் கொடுத்த பழக்கம் அது. ஊருக்கு வெளியே, தலைகீழாகச் சுற்றும் ரயிலும் வானத்தைத் தொட்டுவிட்டு இறங்கும் ராட்டினமும் இருக்கிற பெரிய பொழுதுபோக்குப் பூங்காவில் அவள் வாசல்காரி. மொத்தம் பத்து வாசல்கள், ஏழாவது அவளுடையது. பதினான்கு வருஷமாக அங்கேதான் நிற்கிறாள். அதற்கு முன்னால் ஒரு செருப்புக் கடையில் குனிந்து குனிந்து மனிதர்களின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலிலிருந்து காதுக்கு ஏறியிருக்கிறேன், இதைவிடப் பெரிய பதவி உயர்வு வேண்டுமா என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வேலை பார்க்கும் இளசுகள் அவளைக் 'காது அக்கா' என்பார்கள்.

பூங்காவில் இரட்டை நாள் டிக்கெட் என்று ஒன்று உண்டு. ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாதவர்கள் மறுநாளும் வரலாம். டிக்கெட்டின் பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் பதினான்கு விதிகள் அச்சடித்திருக்கும். ஒன்பதாவது விதி அவளுக்கு மனப்பாடம்: முதல் நாள் நுழைந்தவரே இரண்டாம் நாளும் நுழைய வேண்டும், டிக்கெட்டைப் பிறருக்குக் கொடுக்கவோ விற்கவோ கூடாது. அந்த விதியை மீறியே பிழைப்பவன் ஒருவன் வெளியே பேருந்து நிறுத்தத்தில் இருந்தான். சாயங்காலம் களைத்துப்போய்த் திரும்புகிறவர்களிடம் மிச்சமிருக்கும் நாளை வாங்கிக்கொண்டு, காலையில் வருகிறவர்களிடம் விற்பான். அவனுக்குப் பெயரே 'மிச்சம்'.

மிச்சத்தைத் தடுக்க வைத்ததுதான் கேமரா. முதல் நாள் வருகிறவர்கள் தரையில் வரைந்த மஞ்சள் பாதங்களின்மேல் நின்றால் போதும், முகம் தானாகப் படமாகிவிடும். அவளுக்கு அதில் வேலை இல்லை. நீட்டுகிற கைகளுக்குக் காகித வளையம் மாட்டிக்கொண்டே போவாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூட நேரம் இருக்காது. இரண்டாம் நாள் வருகிறவர்களிடம்தான் அவளுடைய கண் வேலை செய்யும். டிக்கெட்டைக் காட்டியதும் அவள் பக்கத்துத் திரையில் முந்தைய நாள் முகம் வரும். படத்தில் இருப்பவரும் எதிரில் நிற்பவரும் ஒருவர்தானா என்று அவள் சொல்ல வேண்டும். டிக்கெட்டில் பெயர் இருக்காது, ஆகவே எந்த அடையாள அட்டையும் உதவாது. அவள் சொல்வதுதான் முடிவு.

முகம் ஏமாற்றும் என்பது அவளுடைய அனுபவம். ஒரு நாள் தூக்கம் கெட்டால் முகம் வேறு ஆளாகிவிடும். மீசை எடுத்தால், அழுதிருந்தால், பல்வலியில் கன்னம் பொட்டலமாக வீங்கி வந்தால் தீர்ந்தது. காது மட்டும் இருந்தபடி இருக்கும். காதுக்கு நடிக்கத் தெரியாது. அச்சில் வார்த்ததுபோல் இருந்த இரட்டைச் சகோதரர்களைக்கூட, ஒருவன் மடலில் மட்டும் இருந்த சின்ன மச்சத்தை வைத்துப் பிடித்தவள் அவள். பிடித்த டிக்கெட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போடுவார்கள். அந்தப் பெட்டியில் விழும் டிக்கெட்டில் பாதி ஏழாம் வாசலுடையது. மேனேஜர் சுவரில் அவள் படத்தை ஒட்டி, கீழே 'இந்த மாதத்தின் கழுகுக் கண்' என்று எழுதிவைத்தார். காதுக்குக் கொடுக்க வேண்டிய பரிசைக் கண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று எட்டாம் வாசல்காரர் கிண்டலடித்தார்.

மழைக்காலம் தொடங்கிய சமயம் ஏழாம் வாசலுக்குப் புது கேமரா வந்தது. பழையதில் இருந்ததுபோலவே, வந்தவர்கள் தங்கள் படத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வெளிப்பக்கம் பார்த்து ஒரு திரை. என்ன மாயமோ, பழைய கேமராவைத் திட்டாமல் போகாத ஜனங்கள், புதியதில் தங்கள் படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்கள். அவளுக்கும் அதில் சொந்தக்காரி மாதிரி ஒரு பெருமை. வீட்டில் கணவரிடமும் சொல்லிவைத்தாள்.

பதினோராம் நாள் காலையில் அந்தப் பெண் வந்தாள்.

கூட ஒரு பெண் குழந்தை, ஆறு வயது இருக்கலாம். இரண்டு பேர் கையிலும் இரட்டை நாள் டிக்கெட். முந்தைய நாள் மழையில் ராட்டினத்தை நிறுத்திவிட்டார்களாம், இன்றைக்காவது ஏற வேண்டும் என்று குழந்தை வரிசையில் நிற்கும்போதே பேசிக்கொண்டு வந்தது. குழந்தையின் படம் சரியாக இருந்தது. கம்பி சுழன்றது, குழந்தை உள்ளே போய்விட்டது. அடுத்து அம்மாவின் படம். அதே நெற்றி, அதே தாடை. முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னாள். ஒதுக்கினாள். மடலின் விளிம்பில் மிளகளவு ஒரு மச்சம்.

படத்திலும் மிளகளவு மச்சம் இருந்தது. ஆனால் படத்தில் அது வலது காதில். எதிரில் நிற்பவளுக்கு இடது காதில்.

திரையைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். இரட்டைப் பிறவி. வேறு எதுவும் தோன்றவில்லை. ஒருத்தி நேற்று வந்திருக்கிறாள், மற்றொருத்தி இன்று வந்திருக்கிறாள். இந்த மாதிரி சமயத்தில் அவளிடம் ஒரு தந்திரம் இருந்தது. பெரியவர்களை விட்டுவிட்டுக் குழந்தையைக் கேட்பாள். குனிந்து, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற குழந்தையிடம் கேட்டாள்.

"கண்ணு, இது உங்க அம்மாவா, பெரியம்மாவா? உண்மையைச் சொல்லணும்."

குழந்தை "அம்மா" என்றது. சொன்ன பிறகு, கேட்டவள் முகம் மாறாததைக் கண்டு, தன் அம்மாவை ஏறிட்டுப் பார்த்தது. மேலிருந்து கீழாக, மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் பார்த்தது. பதினான்கு வருஷத்தில் அவள் எத்தனையோ பேரைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். தான் பார்க்கிற பார்வையை ஒரு குழந்தையின் முகத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாருமே இல்லீங்க" என்றாள் அந்தப் பெண்.

"படத்துல இருக்கிறது நீங்க இல்லம்மா."

மாட்டிக்கொண்டவர்கள் வழக்கமாகக் கத்துவார்கள், உன் மேலதிகாரியைக் கூப்பிடு என்பார்கள், பக்கத்து வாசலுக்கு ஓடுவார்கள். இவள் எதுவும் செய்யவில்லை. தன் இடது காதை விரலால் தொட்டாள், அங்கேதான் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு மிகவும் மெதுவான குரலில், "அப்ப நான் யாருங்க?" என்று கேட்டாள்.

பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியிருந்தது. டிக்கெட் தகரப் பெட்டிக்குப் போயிற்று. பெரியவர் இல்லாமல் குழந்தை உள்ளே இருக்கக் கூடாது என்பது பதினோராவது விதி. குழந்தை கம்பிக்குக் கீழே குனிந்து வெளியே வந்தது. அம்மா கையை நீட்டினாள். குழந்தை உடனே பிடிக்கவில்லை. ஒரு நொடி தாமதித்துத்தான் பிடித்தது. அந்த ஒரு நொடியை வாசல்காரி பார்த்துவிட்டாள். பிறகு இருவரும் டிக்கெட் கவுன்டர் பக்கமாக நடந்து கூட்டத்தில் மறைந்தார்கள். அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது.

பூங்காவுக்குள்ளிருந்து நாற்பது விநாடிக்கு ஒரு தரம் அலறல் கேட்கும். தலைகீழ் ரயில் கவிழும் இடம் அது. பதினான்கு வருஷமாகக் காதில் விழுந்தும் விழாமலும் போன சத்தம். இப்போது ஒவ்வொரு அலறலுக்கும் அவள் கை நின்றது. அதில் ஒரு சின்னக் குரல் கேள்வி கேட்பதுபோல் இருந்தது. காலையில் திறப்பதற்கு முன், மஞ்சள் பாதங்களின்மேல் யாரும் இல்லாதபோது, அங்கே யாரோ நின்று முடியை ஒதுக்கிக் காட்டுவதுபோல் இருந்தது. படத்தில் இருந்தவளை நினைத்தால் இன்னும் மோசம். முந்தைய நாள் உள்ளே போன ஒருத்தி, மறுநாள் வந்த இன்னொருத்தி. உள்ளே போனவள் வெளியே வந்தாளா? வெளிவாசலில் யாரும் படம் எடுப்பதில்லை. அந்தப் பெரிய இடத்தில், மூடிய ராட்டினத்துக்குக் கீழே, வலது காதில் மச்சமுள்ள ஒருத்தி இன்னும் நனைந்துகொண்டு நிற்கிறாள் என்று அவளுக்குப் பட்டது. பகல் வெளிச்சத்தில், ஆயிரம் பேருக்கு நடுவில் நின்றுகொண்டு அப்படி நினைத்தாள்.

மூன்றாம் நாள் வேலை முடிந்ததும் நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். அவளைக் கண்டதும் மிச்சம் எழுந்து ஓடத் தயாரானான். உட்கார் என்று கையமர்த்தினாள். ஏழாம் வாசலுக்கு மட்டும் போகாதீர்கள் என்று சொல்லித்தான் அவன் டிக்கெட் விற்பான் என்பது அவளுக்கும் தெரியும். குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கு விற்றாயா என்று கேட்டாள்.

"அக்கா, தொழில் ரகசியம் சொல்றேன், கேட்டுக்கோங்க. குழந்தையோட வர்றவங்களுக்கு நான் வித்ததே இல்ல. பெரியவங்க வாயைப் பூட்டிரலாம், குழந்தை வாயை யாரால பூட்ட முடியும்? வாசல்ல நீங்க ஒரு கேள்வி கேட்டா அது ஊரையே சொல்லிரும்."

அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். குழந்தை ஊரைச் சொல்லவில்லை. 'அம்மா' என்ற ஒரே வார்த்தையைத்தான் சொன்னது. அதை அவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடு, கணவரின் சலூனுக்கு மேலே இரண்டு அறை. மகள் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். அவள் அறையில் இப்போது சலூனுக்கு வேண்டிய துண்டுகள் காய்கின்றன. கணவர் வாயடிக்காத சலூன்காரர், தொழிலுக்கே அவமானம் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை காலியாக இருந்தபோது அவள் கீழே இறங்கி, சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினாள். அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினார். சவரச் சோப்பு நுரையை விரலில் எடுத்து அவள் இடது காது நுனியில் ஒரு பொட்டு வைத்தார்.

"கண்ணாடியில இருக்கிறவளுக்கு எந்தக் காதுல இருக்கு?"

"எனக்கு இடது காதுலங்க."

"உனக்கு இல்ல. அவளை எதிர்ல நிக்கிற வேற பொம்பளைன்னு நினைச்சுக்கோ. அவளுக்கு எந்தக் காது?"

அவள் பார்த்தாள். வலது காது.

அவர் பிறகு நிறையப் பேசினார், அவருக்கு அது நிறைய. நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கும் கண்ணாடியில் உட்கார்ந்தவனுக்கும் இடம் வலம் மாறிப்போவதால்தான் தொழிலுக்கு வந்த புதிதில் தான் கிருதாவைக் கோணலாக வெட்டி அடி வாங்கியதாகச் சொன்னார். மனிதர்களுக்குத் தங்கள் முகம் கண்ணாடியில்தான் பழக்கம், அதனால் புகைப்படத்தில் பார்த்தால் என்னவோ கோணலாகத் தெரியும், ஒருவருக்கும் பிடிக்காது என்றார். கடைசியில், தயங்கித் தயங்கி, "புது மெஷின்ல எல்லாரும் படம் நல்லா இருக்குன்னு சொல்றாங்கன்னியே, எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

காதில் நுரை உடைந்து கழுத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வாசலுக்குப் போனாள். பேனாவால் இடது காதில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு மஞ்சள் பாதங்களின்மேல் நின்றாள். தன் பக்கத்துக்கு வந்து திரையைப் பார்த்தாள். புள்ளி வலது காதில் இருந்தது. கழுத்துக்குக் கீழே படத்தில் விழாது, ஆகவே சட்டையில் இருக்கும் எழுத்துகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. பார்க்கிறவர்களுக்குக் கண்ணாடிபோல் தெரியட்டும் என்று யாரோ செய்துவைத்த ஏற்பாடு, படத்தையும் அப்படியே திருப்பிச் சேமித்திருக்கிறது. மற்றவர்களாக இருந்தால் முகத்தை மேலோட்டமாகப் பார்த்து உள்ளே விட்டிருப்பார்கள். அவளைப்போல் காதைப் பார்க்கிற ஒருத்திக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

புது மெஷின் வந்த நாளிலிருந்து ஏழாம் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மொத்தம் நான்கு பேர். புருவத்தில் தழும்புள்ள ஒரு பெரியவர். ஒரு பக்கம் மட்டும் மூன்று கடுக்கன் போட்ட ஒரு மாணவன். ஒரு தோடு தொலைந்து ஒற்றைத் தோட்டோடு வந்த ஒரு கிழவி. அப்புறம் அந்தப் பெண். அதில் மூன்று முகங்களும் அவளுக்குச் சீக்கிரம் மங்கிவிட்டன.

மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கேமராவை அன்றைக்கே சரிசெய்துவிட்டார்கள். அந்த நான்கு பேரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாமா என்றாள். கவுன்டரில் வாங்கிய டிக்கெட், பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது, யாரைப் போய்த் தேடுவது என்றார் அவர். அவர் சொன்னதில் தப்பில்லை. நல்ல மனிதர்தான். கடைசியாக, அவள் எழுந்துபோகும்போது, "விட்டுத்தள்ளும்மா, நாலு பேர்தானே" என்றார். சுவரிலிருந்த கழுகுக் கண்ணை அவளே கழற்றித் தகரப் பெட்டியில் போட்டாள்.

மெஷின்காரர் என்று ஒருவர் இருந்தார், கேமராக்களைப் பார்த்துக்கொள்கிறவர், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு மேல் எந்தப் படத்தையும் வைத்திருக்கக் கூடாது என்பது விதி. அழிப்பது அவர் வேலை. அந்தப் பெண்ணின் படத்தை மட்டும் ஒருமுறை காட்டுங்கள் அண்ணே என்று அவரிடம் கேட்டுவைத்தாள். பார்த்து என்ன செய்யப்போகிறாய் என்றார். அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேர் இல்லை, ஒருத்திதான் என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போதும், ராட்டினத்துக்கடியில் நிற்பவள் போய்விடுவாள் என்று நினைத்திருக்கலாம். அவர் சரி என்றார். மறந்தும் போனார்.

அவள் காத்திருந்தாள். பெண் குழந்தையோடு வரும் ஒவ்வொரு தாயையும் பார்த்தாள். அந்த இருவரும் மறுபடி வருவார்கள், ஏதாவது ஒரு மாதம், ஏதாவது ஒரு மழையில்லாத நாளில், அப்போது கம்பியைத் தாண்டிப் போய், குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து, இது உன் அம்மாதான், நான்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதும் பேருந்திலும் சொல்லிப் பார்ப்பாள். வேறு யாரும் சொன்னால் செல்லாது, கேள்வி கேட்டவளே சொல்ல வேண்டும் என்பது அவளுடைய எண்ணம். எட்டாம் வாசல்காரர் இரண்டு வாசலையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவளை ஓய்வறைக்குப் போய்ப் படுக்கச் சொன்னால்கூட நகர மாட்டாள். எப்போது வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்.

இப்போதும் ஏழாம் வாசலில்தான் நிற்கிறாள். யாரையும் அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்புவதில்லை. காதைப் பார்க்கும் பழக்கம் போகவில்லை, ஆனால் குழந்தைகளிடம் அவள் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை.

பின்னால்தான் ஒரு விஷயம் தெரியவந்தது. அவளுக்கு இன்றுவரை தெரியாது. மூன்று மாதம் முடிந்து படங்களை அழிக்கிற அன்றைக்கு மெஷின்காரருக்கு அவள் கேட்டது நினைவுக்கு வந்திருக்கிறது. அந்தப் பெண் முதலில் வந்த நாள், திருப்பி அனுப்பப்பட்ட நாள், இரண்டு நாளின் ஏழாம் வாசல் படங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பார்த்துவிட்டு, விதிப்படி அழித்துவிட்டார். அடுத்த வாரம் சலூனில் முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தபோது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே அவளுடைய கணவரிடம் சொன்னார். கத்தரி நின்றது. சலூன்காரர் அதை மாடிக்கு எடுத்துப்போகவில்லை, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இன்னும் கடையிலேயே வைத்திருக்கிறார்.

திருப்பி அனுப்பப்பட்ட அதே நாள், ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிஷம் கழித்து, அந்தப் பெண் இரண்டு பேருக்கும் புது டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறாள். பத்து வாசல் இருக்க, ஏழாம் வாசலுக்கே வந்திருக்கிறாள். புது டிக்கெட் என்பதால் வாசல்காரி நிமிர்ந்து பார்க்கவில்லை. நீட்டிய இரண்டு கைகளுக்கும் அவள்தான் வளையம் மாட்டியிருக்கிறாள். படத்தில் அந்தப் பெண் கேமராவை நேராகப் பார்க்கவில்லை. முடியை முழுக்க ஒதுக்கி, தலையைத் திருப்பி, மச்சமுள்ள காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த படம் குழந்தையுடையது. யாரும் சொல்லாமலே அதுவும் தலையைத் திருப்பி, ஒரு கையால் முடியைப் பிடித்துக்கொண்டு, தன் காதைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.